மழைக்காடு ஏன் அழிகிறது? அமேசான் நிலக்கணக்கிலிருந்து ஓர் எளிய விளக்கம்

மழைக்காடு அழிகிறது என்று படிக்கும்போது, பெரிய மரங்களை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் காட்சிதான் பெரும்பாலும் மனத்தில் எழும். மரத் திருட்டு நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அமேசானில் ஒரு ஹெக்டேரில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் விட்டம் கொண்ட மரங்கள் மட்டுமே ஏறக்குறைய ஐந்நூறு நிற்கும். அவற்றில் வெட்டிக் கொண்டுபோய் விற்றால் கட்டுப்படியாகக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மரம் மட்டுமே குறி என்றால் அந்தச் சிலவற்றோடு வேலை முடிந்துவிடும். மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான மரங்களை வீழ்த்தி, காயவிட்டு, அங்கேயே கொளுத்துவானேன்? கொளுத்துகிறவருக்கு வேண்டியது அடியில் கிடக்கும் நிலம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், காடழிவின் காரணங்களும் அதைத் தடுப்பதற்கான வழிகளும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகத் தெரியும். அமேசான் காட்டில் ஏறக்குறைய 60 விழுக்காடு பிரேசிலில் இருக்கிறது. 1988 முதல் ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படங்களை வைத்து அங்கே காடழிவை அளந்து வருகிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எண்களோடு பேச முடிகிற இடம் அது. அதனால் இங்கே பிரேசிலையே முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம்.

எல்லா வெப்பமண்டலமும் ஒன்றல்ல

இந்தோனேசியாவில் காட்டை விழுங்கியவற்றில் முதலிடம் எண்ணெய்ப் பனைக்கும் காகிதக்கூழ் மரத்தோட்டங்களுக்கும். அங்கே பல இடங்களில் காட்டுக்கடியில் பல மீட்டர் ஆழத்துக்குக் கரிச்சதுப்பு நிலம் இருக்கிறது, அதாவது பாதி மட்கிய செடிகொடிகள் நீரில் ஊறிச் சேர்ந்த மண். வாய்க்கால் வெட்டி அதன் நீரை வடித்ததும் மண்ணே எரிபொருளாகிவிடுகிறது. 2015இல் ஏறக்குறைய 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து, புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூடியது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் தன் காட்டின் பெரும்பகுதியைக் கோகோ தோட்டங்களுக்குக் கொடுத்துவிட்டது. காங்கோ படுகையில் கதை வேறு. சிறு குடும்பங்கள் துண்டு துண்டாகக் காட்டைத் திருத்திப் பயிரிடுவதும், நகரங்களின் சமையலுக்கு வேண்டிய அடுப்புக்கரியும்தான் அங்கே பெரிய காரணங்கள். மின்சாரமும் சமையல் எரிவாயுவும் எட்டாத ஊரில் கரி எரிப்பவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பிரேசிலில் காரணம் மாடு. இன்னும் சரியாகச் சொன்னால், மாட்டைக் காட்டி நிலத்தைப் பிடிப்பது.

காடு நிலமாக மாறும் வழி

முதலில் சாலை வருகிறது. டிரான்ஸ்அமேசான் நெடுஞ்சாலை 1972இல் திறக்கப்பட்டபோது, நிலமில்லா மனிதர்களுக்கு மனிதரில்லா நிலம் என்று அன்றைய ராணுவ அரசு முழங்கியது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. 1981இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய திட்டத்தில் ரொண்டோனியா மாநிலத்துக்குள் நெடுஞ்சாலைக்குத் தார் போட்டார்கள். அதிலிருந்து இருபுறமும் கிளைச்சாலைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெட்டிய நிலங்கள் என்று மீன்முள் போன்ற வடிவம் இன்றும் செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அமேசான் காடழிவில் சுமார் 95 விழுக்காடு ஏதாவதொரு சாலையிலிருந்து 5.5 கி.மீ. தூரத்துக்குள்ளோ, படகு போகும் ஆற்றிலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள்ளோ நடந்ததாகக் கணித்தது. இதில் அரசு போட்ட சாலைகளைவிட மரவெட்டிகள் தாமாகப் போட்டுக்கொண்ட மண்சாலைகளே அதிகம்.

மரவெட்டிகள் மஹோகனி, இப்பே போன்ற விலையுயர்ந்த மரங்களை எடுத்துக்கொண்டு போனபின் அந்த மண்சாலை அப்படியே கிடக்கும். அதன் வழியே நிலம் பிடிப்பவர் வருகிறார். முதலில் புதர்களையும் கொடிகளையும் வெட்டி அகற்றுவார்கள். மழை குறைந்ததும், தெற்கு அமேசானில் மே மாதத்திலிருந்து, சங்கிலி ரம்பத்தால் பெரிய மரங்களைச் சாய்ப்பார்கள். ஓரிரு மாதம் வெயிலில் காய்ந்ததும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை தீ வைப்பார்கள். ஈரமான மழைக்காடு தானாகத் தீப்பற்றுவது மிக அரிது. அமேசான் தீ என்று செய்தியில் வருபவற்றில் மிகப் பெரும்பான்மை மனிதர் வைத்தது, அல்லது வைத்த இடத்திலிருந்து பரவியது.

சாம்பல் ஆறியதும் பிராக்கியாரியா என்னும் ஆப்பிரிக்கப் புல்லின் விதையைத் தூவி, வேலி போட்டு, மாடு விடுகிறார்கள். ஹெக்டேருக்கு ஒரு மாடு அளவில்தான் பெரும்பாலும் மேயும். இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு இத்தனை செலவு ஏன் என்று கேட்கலாம். மாடு அங்கே நிற்பதற்கு முதல் காரணம் அனுபோகத்தைக் காட்டுவது. ஊர்ப் புறம்போக்கில் நாலு கல் நட்டு, பிறகு வேலி போட்டு, வரி ரசீது வாங்கி, கடைசியில் பட்டா கேட்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். அமேசானில் நடப்பது அதே வேலை, ஆயிரக்கணக்கான ஹெக்டேர் அளவில். யாருக்கும் ஒதுக்காத அரசுக் காட்டில் மரம் நின்றால் அது யாருடையதும் இல்லை. மரத்தை வீழ்த்திப் புல் போட்டுவிட்டால், 'என் நிலம்' என்று சொல்லி விற்கலாம். திருத்திய நிலத்துக்குக் காட்டைவிடப் பல மடங்கு விலை. ஆக, லாபம் மாட்டிறைச்சியில் மட்டும் இல்லை, நில விலையேற்றத்திலும் இருக்கிறது.

வறுமைதான் காட்டை அழிக்கிறது என்ற பேச்சு பிரேசில் அமேசானுக்கு அரைகுறையாகவே பொருந்தும். நூற்றுக்கணக்கான ஹெக்டேரை ஒரே பருவத்தில் வெட்டுவதற்கு ஆள்கூலி, டீசல், ரம்பம், விதை, வேலிக்கம்பி என்று கணிசமான முதல் வேண்டும். ஏழைக் குடும்பத்தால் அது முடியாது. ஏழை அங்கே இருப்பது பெரும்பாலும் கூலிக்கு ரம்பம் பிடிப்பவராகத்தான்.

இனி மண்ணைப் பார்ப்போம். செழித்த காடு என்றால் செழித்த மண் என்று நினைப்பது இயல்பு. அமேசானின் பெரும்பகுதியில் மண் பல லட்சம் ஆண்டு மழையில் கரைந்து தேய்ந்தது. புளிப்புத்தன்மையும் அலுமினியமும் கூடுதல், பாஸ்பரஸ் குறைவு. சத்தில் பெரும்பகுதி உயிருள்ள மரங்களிலும் மட்கும் இலைகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எரித்ததும் சாம்பலாக அது மண்ணில் சேர்ந்து முதல் சில ஆண்டுகள் புல் நன்றாக வரும். பிறகு மழை அதை அரித்துக்கொண்டு போய்விடும், மாட்டுக் குளம்பு மண்ணை இறுக்கிவிடும், களை ஏறும். உரமும் சுண்ணாம்பும் போட்டுப் பராமரிப்பதைவிடப் பக்கத்துக் காட்டை வெட்டுவது மலிவாக இருக்கும் வரை, மேய்ச்சல் நிலம் நகர்ந்துகொண்டே இருக்கும். சமதரையாக, சாலைக்கு அருகில் இருக்கும் பழைய மேய்ச்சல் நிலத்தைச் சோயா விவசாயி வாங்குவார். விற்றவர் அந்தப் பணத்தோடு காட்டின் உள்ளே நகர்வார். சோயா நேரடியாகக் காட்டை வெட்டாத இடத்திலும் இப்படி மாட்டை முன்னே தள்ளுகிறது.

மழையும் காட்டோடு சேர்ந்ததே. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் மழையாகப் பெய்ய, மரங்கள் அதை வேரால் உறிஞ்சி இலையால் ஆவியாக்க, அது மீண்டும் மேற்கே மழையாகப் பொழிகிறது. பிரேசிலின் தெற்கிலுள்ள வயல்களுக்கும் நீர்மின் அணைகளுக்கும் இந்த ஈரத்தில் பங்கு உண்டு. பிரேசில் அமேசானில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏற்கனவே போய்விட்டது. மொத்தம் 20 முதல் 25 விழுக்காடு அழிந்தால் பல பகுதிகளில் காடு தன் மழையைத் தானே காத்துக்கொள்ள முடியாமல் போகலாம் என்று தாமஸ் லவ்ஜாய், கார்லோஸ் நோப்ரே என்ற இரு அறிவியலாளர்கள் 2018இல் எச்சரித்தார்கள். அந்த எல்லையின் சரியான இடத்தைப் பற்றி விவாதம் உண்டு. அதை நெருங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வது நமக்குக் கட்டுப்படியாகாது.

2004க்குப் பிறகு என்ன செய்தார்கள்

பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பேயின் கணக்குப்படி 2004இல் ஒரே ஆண்டில் 27,772 சதுர கி.மீ. காடு அழிந்தது. 2012இல் அது 4,571 சதுர கி.மீ. அதாவது எட்டே ஆண்டில் சுமார் 84 விழுக்காடு குறைவு. இதே காலத்தில் பிரேசிலின் சோயா, மாட்டிறைச்சி உற்பத்தி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. காட்டைக் காத்தால் நாடு பட்டினி கிடக்கும் என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இதைச் சாதித்தது ஒரே ஒரு சட்டம் இல்லை. 2004இல் வந்த காடழிவுத் தடுப்புச் செயல்திட்டம் பல அமைச்சகங்களை ஒன்றாக இழுத்தது. அதே ஆண்டில் டெட்டர் என்ற விரைவு எச்சரிக்கை முறை வந்தது. ஆண்டு முடிந்தபின் எவ்வளவு போனது என்று சொல்வது வேறு, வெட்டிக்கொண்டிருக்கும்போதே இடத்தைச் சொல்வது வேறு. எச்சரிக்கை வந்த இடத்துக்குச் சூழல் காவல் துறையினர் போய் ரம்பத்தையும் டிராக்டரையும் பறிமுதல் செய்தார்கள். அபராதத்தை அங்கே பலரும் கட்டுவதே இல்லை, வழக்கில் இழுத்தடிப்பார்கள். அதைவிட வலித்தது நிலத்தின்மீது போட்ட தடையாணை: அந்தத் துண்டில் விளைந்ததை விற்கக் கூடாது, அதை வைத்துக் கடன் வாங்கக் கூடாது. 2008இல் பிரேசில் மத்திய வங்கி, நிலப் பத்திரமும் சூழல் விதிகளும் சரியாக இருந்தால்தான் அமேசான் பகுதியில் பண்ணைக் கடன் என்று விதித்தது. அதே ஆண்டில் காடழிவு மிகுந்த 36 நகராட்சிகளின் பட்டியலை அரசு வெளியிட்டது. ஒருவர் வெட்டினால் பட்டியலில் உள்ள ஊர் முழுவதற்கும் நெருக்கடி என்ற நிலை வந்ததும், வெட்டாத விவசாயிகளே வெட்டுபவரைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

சந்தைப் பக்கம் 2006இல் சோயா வணிகர்கள், புதிதாக வெட்டிய அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அது நேரடிச் சோயாக் காடழிவை ஏறக்குறைய நிறுத்தியது. அழுத்தத்தின் ஒரு பகுதி பக்கத்திலுள்ள செர்ராடோ என்ற, மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளிப் பகுதிக்கு இடம் மாறியது, அங்கே இந்த ஒப்பந்தம் செல்லவில்லை. மாட்டிறைச்சியில் 2009இல் வந்த ஒப்பந்தங்கள் இந்த அளவுக்குப் பலிக்காததற்குக் காரணம் கன்று. கன்று ஒரு பண்ணையில் பிறந்து, இன்னொன்றில் வளர்ந்து, மூன்றாவதில் கொழுத்து, அங்கிருந்து இறைச்சிக் கூடத்துக்குப் போகிறது. இறைச்சிக் கூடம் சோதிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பண்ணையை மட்டும். தடை விழுந்த நிலத்தில் மேய்ந்த கன்று சுத்தமான பண்ணை வழியாக வெளியே வந்துவிடும். பிறப்பிலேயே காதில் எண் மாட்டி ஒவ்வொரு மாட்டையும் பின்தொடர்ந்தால்தான் இது அடைபடும். அதிகக் காட்டை இழந்த பாரா மாநிலம் 2023இல் அப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது.

நிலத்துக்குப் பெயர் வைப்பது

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக நடந்தது, ஒதுக்காத அரசுக் காட்டுக்குச் சட்டப்படி ஓர் அடையாளம் கொடுத்த வேலை. காடு ஒருமுறை பாதுகாப்புப் பகுதியாகவோ பழங்குடி நிலமாகவோ பதிவாகிவிட்டால், வெட்டிப் பிடித்தாலும் பட்டா கிடைக்காது. நிலம் பிடிப்பவரின் லாபக் கணக்கு அங்கேயே அடிபடுகிறது.

எங்கே ஒதுக்குவது என்பதில்தான் திறமை. யாரும் போக முடியாத மலையிலும் சதுப்பிலும் பூங்கா அறிவிப்பது எளிது. வரைபடத்தில் பச்சை கூடும், காடழிவு குறையாது. ரம்பம் அடுத்து எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து அதன் வழியில் எல்லை போட வேண்டும். 2005 பிப்ரவரி 12 அன்று பாரா மாநிலத்தின் அனாபூவில், சிறு விவசாயிகளின் நில உரிமைக்காக நின்ற டோரதி ஸ்டாங் என்ற கன்னியாஸ்திரி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் அரசு, நில மோசடி மலிந்திருந்த டெர்ரா டோ மேயோ பகுதியில் சுமார் 34 லட்சம் ஹெக்டேரைச் சூழல் காப்பகமாக அறிவித்தது. அவர் உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பாதுகாப்பு என்றால் மக்களை வெளியேற்றுவது என்ற பழைய எண்ணத்தை உடைத்தவர்கள் ஆக்ரே மாநிலத்தின் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்கள். காட்டு ரப்பரும் பிரேசில் கொட்டையும் எடுத்து வாழ்ந்த அவர்கள், மரம் வெட்ட வந்தவர்களின் முன் குடும்பத்தோடு போய் நின்று மறித்தார்கள். அவர்களின் தலைவர் சிக்கோ மெண்டெஸ் 1988 டிசம்பர் 22 அன்று கொல்லப்பட்டார். 1990இல் அவர் பெயரில் 9 லட்சத்து 70 ஆயிரம் ஹெக்டேர் அளவில் காட்டுப்பொருள் சேகரிப்புக் காப்பகம் உருவானது. நிலம் அரசுடையது, பயன் அங்கே வாழும் குடும்பங்களுடையது, விற்கவோ பெருமளவில் வெட்டவோ முடியாது. ரப்பர் விலை சரிந்தபோது அந்தக் காப்பகத்துக்குள்ளேயே மாடு வளர்ப்பு பரவியது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிற்கும் காட்டிலிருந்து கிடைக்கும் வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை என்றால் நல்ல சட்டமும் தளரும்.

பழங்குடி நிலங்கள் பிரேசில் அமேசானில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சுற்றிலும் மேய்ச்சல் நிலமாகிவிட்ட ஷிங்கு படுகையில் 1961இல் உருவான பழங்குடிப் பூங்கா இன்றும் பச்சைத் தீவாக நிற்பதைச் செயற்கைக்கோள் படத்தில் யாரும் பார்க்கலாம். 1988 அரசியலமைப்பு, பழங்குடி நிலங்கள் அனைத்தையும் ஐந்தாண்டில் எல்லை பிரித்து முடிக்கச் சொன்னது. இன்னும் முடியவில்லை. ஆய்வு, ஆட்சேபம் கேட்பது, அமைச்சரின் அறிவிப்பு, தரையில் எல்லை குறிப்பது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல், பதிவு என்று படிகள் பல. ஒவ்வொரு படியிலும் வழக்கும் அரசியலும் குறுக்கே நிற்கின்றன. தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் உள்ளே புகுந்தவர்களுக்கு வேரூன்ற நேரம் கொடுக்கிறது.

எங்கே உடைகிறது

2012க்குப் பிறகு எண் மீண்டும் ஏறி, 2021இல் 13,038 சதுர கி.மீ. ஆனது. இடையில் நடந்தவற்றில் முதன்மையானது கெடுத் தேதியின் நகர்வு. 2009இல் ஒரு சட்டம், 2004 டிசம்பருக்கு முன் அரசு நிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டா தரலாம் என்றது. 2017இல் அந்தத் தேதி 2008 ஜூலைக்கு நகர்ந்தது, உச்ச அளவும் 1,500 ஹெக்டேரிலிருந்து 2,500 ஆனது. 2012இல் திருத்திய வனச்சட்டமும் 2008 ஜூலைக்கு முன் வெட்டியவர்களுக்குப் பெரிய சலுகை கொடுத்தது. ஒருமுறை மன்னித்தால் அடுத்த முறையும் மன்னிப்பார்கள் என்று நிலம் பிடிப்பவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு தப்புவதில்லை.

பூங்காவின் எல்லையைச் சுருக்குவதும் இதே வகை. ஜமன்ஷிம் தேசியக் காடு 2006இல் 13 லட்சம் ஹெக்டேரில் உருவானது. 2016 டிசம்பரில் அதன் பரப்பைக் குறைக்க அரசாணை வந்தது, 2017இல் நாடாளுமன்றம் இன்னும் கூடுதலாகக் குறைக்கப் பார்த்தது, எதிர்ப்பு எழுந்ததும் குடியரசுத் தலைவர் அதை நிராகரித்தார், பின் இன்னொரு மசோதா வந்தது. சுருங்கக்கூடும் என்ற பேச்சே உள்ளே புகுவதற்கு அழைப்பு. 2019 முதல் 2022 வரை காவல் நடவடிக்கைகள் தளர்ந்தன, காட்டைக் காக்க வெளிநாடுகள் கொடுத்த பணத்தில் இயங்கிய அமேசான் நிதியும் முடங்கியது. 2023இல் பழைய செயல்திட்டத்தையும் நிதியையும் மீண்டும் தொடங்கினார்கள். 2024 கணக்கில் காடழிவு 6,288 சதுர கி.மீ. ஆகக் குறைந்தது. கருவிகள் வேலை செய்கின்றன, பயன்படுத்தினால்.

ஆனால் அதே 2024இல் கடும் வறட்சியில் தீ நின்ற காட்டுக்குள் பரவியது. மழைக்காட்டு மரங்களின் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீ மெதுவாக ஊர்ந்து போனாலே அடுத்த சில ஆண்டுகளில் பல மரங்கள் சாகும். கூரை திறக்கும், வெயில் விழும், புல் நுழையும், அடுத்த தீ இன்னும் எளிது. ரம்பத்தைக் கணக்கிடும் முறை இதைப் பாதிதான் பிடிக்கிறது.

தனியார் நிலத்தில் மிஞ்சும் காடு

வனச்சட்டப்படி அமேசான் காட்டுப் பகுதியில் பண்ணை வைத்திருப்பவர் 80 விழுக்காட்டைக் காடாகவே விட வேண்டும். ஆற்றங்கரையும் செங்குத்துச் சரிவும் தனி விதிப்படி காக்கப்பட வேண்டியவை. இதைக் கண்காணிக்க 2012 சட்டம் எல்லாப் பண்ணைகளையும் இணையப் பதிவேட்டில் வரைபடத்தோடு சேர்க்கச் சொன்னது. பதிவு உரிமையாளரே தருவது, சரிபார்ப்பு மிக மெதுவாக நடப்பது. அதனால் அரசுக் காட்டின்மீதே தன் பண்ணை என்று கட்டம் வரைந்து பதிவு செய்து, அந்தத் தாளைக் காட்டி நிலத்தை விற்கிறார்கள். காவலுக்காக வந்த கருவி மோசடிக்கு முத்திரையாகிவிட்டது.

துண்டுகளாக மிஞ்சும் காடு எவ்வளவு காடு என்பதையும் பார்க்க வேண்டும். மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979 முதல் 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை விட்டு ஆராய்ந்துவருகிறார்கள். ஓரத்தில் காற்றும் வெப்பமும் புகுந்து பெரிய மரங்கள் சாய்கின்றன, நிழல் விரும்பும் பறவைகள் மறைகின்றன. பாதிப்பு நூறு மீட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், சதுரமான 100 ஹெக்டேர் துண்டில் உள்காடு 64 ஹெக்டேர் மிஞ்சும். 10 ஹெக்டேர் துண்டில் ஒன்றரை ஹெக்டேர்கூட இல்லை. 1 ஹெக்டேரில் எதுவுமே இல்லை, முழுவதும் ஓரம். ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளின் 80 விழுக்காடு ஒன்றோடொன்று தொடும்படி அமைவதும், ஆற்றங்கரைக் காடு அறுபடாமல் நீள்வதும் முக்கியம்.

காட்டை நிறுத்தி வைப்பவருக்குப் பணம் தருவது இன்னொரு வழி. கோஸ்டா ரிகா 1996இல் இயற்கைக் காட்டை வேறு பயனுக்கு மாற்றத் தடை விதித்தது, 1997 முதல் எரிபொருள் வரியின் ஒரு பங்கிலிருந்து நில உரிமையாளர்களுக்கு ஹெக்டேர் கணக்கில் பணம் தந்தது. நாட்டின் பாதிக்கு மேல் இன்று மீண்டும் காடு. பணம் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லக் கூடாது. மாட்டிறைச்சி லாபம் முன்பே சரிந்திருந்தது, சட்டத் தடையும் கூடவே இருந்தது. பட்டா தெளிவாக இல்லாத இடத்தில் இந்த முறை தடுமாறும், ஏனென்றால் யாருக்குப் பணம் தருவது என்றே தெரியாது.

மேய்ச்சல் நிலத்தை மீண்டும் காடாக்க எப்போதும் நாற்று நட வேண்டியதில்லை. சில நூறு மீட்டருக்குள் காடு இருந்து, நிலம் அதிகம் இறுகாமல், பலமுறை எரியாமல் இருந்தால், வேலி போட்டு மாட்டைத் தடுத்து, ஓரத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டினாலே பறவையும் வௌவாலும் விதை கொண்டுவரும். பிராக்கியாரியா அடர்ந்திருந்தால் முளைத்த கன்றுகளைச் சுற்றி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளாவது புல்லை அகற்ற வேண்டும். காடே தொலைவில் போய்விட்ட இடத்தில்தான் நடுவது கட்டாயமாகிறது, செலவும் அங்கேதான் பல மடங்காகிறது.

இன்று பிரேசில் அமேசானில் 5 கோடி ஹெக்டேருக்கு மேல் அரசுக் காடு எந்த ஒதுக்கீடும் இல்லாமல் கிடக்கிறது. 2006இன் அரசுக் காடுகள் சட்டப்படி அது அரசுக் காடாகவே இருக்க வேண்டியது. அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஹெக்டேரின்மீது ஏற்கனவே தனியார் பண்ணை என்று இணையப் பதிவு ஏறியிருக்கிறது. அந்தப் பதிவுகளை நீக்குவதும், நெடுஞ்சாலைகளுக்கு அருகிலுள்ள துண்டுகளிலிருந்து தொடங்கி இந்தக் காட்டைப் பழங்குடி நிலமாகவோ காப்பகமாகவோ பதிவு செய்வதும்தான் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை. ரம்பம் இன்னும் போகாத இடத்தில் அதற்கு ஆகும் செலவு, போன பிறகு ஆவதைவிட மிகக் குறைவு.